ஐந்து பூச்சியங்கள்

பெரிய எண்களைக் கண்டால் கண் மருள்வது இயல்பு. 3,80,581 என்பதைவிட 381 ஆயிரம் என்பது மனத்தில் எளிதாகப் பதிகிறது. ஆய்வுக்காக அட்டவணை அமைப்போர் இந்த எளிமையை நாடுவது குற்றமன்று, நானும் நாடுகிறவனே.

எக்செலில் இதற்கு வழி மிகச் சிறிது. எண்கள் உள்ள கட்டங்களைத் தேர்ந்துகொண்டு, கண்ட்ரோல் விசையுடன் 1 என்னும் விசையை அழுத்த வேண்டும். அங்கே 'கஸ்டம்' என்னும் பகுதியில் #,##0, என்று எழுத வேண்டும். இறுதியில் நிற்கிறதே ஒரு காற்புள்ளி, அதுதான் மாயக்காரன்! அது ஒன்று நின்றால் எண் ஆயிரத்தில் தோன்றும். இரண்டு நின்றால் பத்து இலட்சத்தில் தோன்றும். இடையிலுள்ள நம் இலட்சத்துக்கு அங்கே இடமில்லை! ஆனால் மாறுவது தோற்றம் மட்டுமே. கட்டத்தின் உள்ளே பழைய எண் ஓர் இலக்கமும் குறையாமல் இருக்கிறது. சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா?

அண்மையில் அந்தமான் நிகோபார் தீவுகளின் மக்கள்தொகையை இம்முறையில் அமைத்துப் பார்த்தேன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மொத்தம் 3,80,581 பேர். அட்டவணை 381 என்றது. நன்று! அதன் கீழே, அத்தீவுகளின் தொல்குடிகளுள் மிகச் சிறிய ஐந்தின் கணக்கு: பெரிய அந்தமானியர் 44, ஓங்கே 101, ஷோம்பென் 229, ஜாரவா 380, சென்டினலியர் 15. ஐந்து வரிகளிலும் பூச்சியமே நின்றது. கூட்டுத்தொகை 769 அல்லவா? ஐந்நூற்றைத் தாண்டிவிட்டதால் அந்த வரியில் மட்டும் 1 தோன்றியது. ஐந்து பூச்சியங்களைக் கூட்டினால் ஒன்று!

கணிப்பொறி பிழை செய்யவில்லை. உள்ளிருக்கும் எண்களைக் கூட்டி, விடையை ஆயிரத்துக்கு முழுமையாக்கிக் காட்டியது. ஆனால் அச்சிட்ட தாளைப் படிப்பவர் கட்டத்துக்குள் எட்டிப் பார்க்க முடியுமா? அவருக்குப் பூச்சியம் என்றால் 'எவரும் இல்லை' என்பதே பொருள். சென்டினலியர் 15 பேர் என்பதே தொலைவில் நின்று பார்த்துச் சொன்ன கணக்கு. கடலில் நின்றவர் கண்ணுக்குத் தெரிந்த மனிதர், நம் அட்டவணையில் தெரியாமற் போகலாமா?

இதனினும் கொடியது ஒன்று உண்டு. 'ரவுண்ட்' என்னும் சூத்திரத்தால் எண்ணையே முழுமையாக்கி, விடையைப் பழைய எண்ணின் மேல் ஒட்டிச் சேமித்துவிடுவது. காற்புள்ளி மறைக்கத்தான் செய்யும். இதுவோ அழித்தே விடும்.

ஆகவே நண்பர்களே, பெரிய எண்களை ஆயிரத்தில் காட்டுங்கள். தலைப்பில் 'ஆயிரத்தில்' என்று மறவாமல் குறியுங்கள். முழுமையாக்கியதால் கூட்டுத்தொகை வேறுபடலாம் என்று அடியில் ஒரு வரி எழுதுங்கள். சிறிய எண்களைத் தனி அட்டவணையில் உள்ளவாறே நிறுத்துங்கள்.

இது தீவுகளின் கதை மட்டுமன்று. வெளி மாநிலத்தில் படிக்கும் நாம் சிறுதொகையினர். ஐந்நூறு உறுப்பினர் சேரும்வரை, ஆயிரக் கணக்கில் நம் சங்கமும் பூச்சியந்தான்!