மலையின் கடிகாரம் வேறு

மழை விட்ட ஐப்பசியில் பெங்களூர் இளைஞர்களை இழுக்கிறது குமார பர்வதம். பையில் எதை எடுத்துப் போவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கேட்பவர்கள் குறைவு.

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணி. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் பாலத்தை ஒட்டி வாகனங்கள் ஊர்கின்றன. பொறுமையிழந்து ஆட்டோவிலிருந்து இறங்கி மெஜஸ்டிக் பஸ் நிலையத்தை நோக்கி நடக்கிறவர்களில் ஒரு ரகத்தைச் சட்டென்று அடையாளம் காணலாம். முதுகில் தலைக்கு மேல் எட்டிப் பார்க்கும் பை, காலில் முரட்டு ஷூ, பையின் பக்கவாட்டில் செருகிய கைத்தடி. வெள்ளிக்கிழமை வரை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தவர்கள். சனிக்கிழமை காலை மலையடிவாரத்தில் நிற்க வேண்டும். திங்கள்கிழமை காலை மறுபடியும் கம்ப்யூட்டர் முன் இருக்க வேண்டும்.

அவர்கள் ஏறும் பஸ் குக்கே சுப்ரமண்யாவுக்குப் போகிறது. ஏறத்தாழ 280 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கும் பெங்களூரிலிருந்து கிளம்பி, இரவோடு இரவாக மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, நூறு மீட்டர் சொச்சம் உயரமே உள்ள அடிவாரத்தில் விடியற்காலை இறக்கிவிடுகிறது. பயணி தூக்கத்திலேயே 800 மீட்டர் இறங்கிவிடுகிறார். அதைப்போல இரு மடங்கை அவர் இனி நடந்து ஏற வேண்டும்.

புஷ்பகிரி என்றும் அழைக்கப்படும் குமார பர்வதத்தின் உயரம் 1,712 மீட்டர். எண்ணைப் பார்த்தால் பிரமாதமில்லை. ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதன் தலை வரை கார் போகிறது. குமார பர்வதத்தில் உயரத்துக்கான கூலியைக் கால்கள்தான் கொடுக்க வேண்டும். குக்கே பக்கத்திலிருந்து உச்சிக்கு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஏற்றம் 1,500 மீட்டருக்கு மேல். தென்னிந்தியாவின் கடினமான மலைப்பாதைகளில் ஒன்றாக இது பேசப்படுவதற்கு இதுவே காரணம். 2,500 மீட்டருக்குக் கீழே என்பதால் இமயத்தில் வருவது போன்ற மூச்சுத் திணறலுக்கும் தலைவலிக்கும் இங்கே இடமில்லை. இங்கே ஆபத்து வேறு மூன்று: ஈரம், இருட்டு, அவசரம்.

சேயோன் இருக்கும் இடம்

தமிழர்களுக்கு இது அந்நிய மலை அல்ல. குக்கேயில் குடியிருப்பவர் சுப்ரமண்யர். நாக தோஷ பூஜைக்காகத் தமிழ்நாட்டிலிருந்தும் வேன் வேனாக வருகிறார்கள். சூரனை வென்ற முருகன் தேவயானையை மணந்தது திருப்பரங்குன்றத்தில் என்பது தமிழ்நாட்டுக் கணக்கு. குக்கே தல புராணமோ தாரகனையும் மற்ற அசுரர்களையும் அழித்த குமாரன் குருதி படிந்த ஆயுதத்தை இங்குள்ள ஆற்றில் கழுவினான், அதன் கரையிலேயே மணமும் முடித்தான் என்கிறது. அந்த ஆறு குமாரதாரா. பிறப்பது குமார பர்வதத்தில். உச்சியில் குமாரனின் பாதம் என்று வணங்கப்படும் இடமும் உண்டு.

மலையும் மலை சார்ந்த நிலமுமான குறிஞ்சிக்குச் சேயோனைத் தெய்வமாக வைத்த தொல்காப்பியம், அதற்குரிய பெரும்பொழுதாகக் கூதிரையும் சிறுபொழுதாக யாமத்தையும் சொல்கிறது. கூதிர் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். யாமம் என்றால் நள்ளிரவு. காதலுக்கு அது பொருத்தமான வேளையாக இருக்கலாம். மலை ஏறுகிறவர் ஐப்பசியை மட்டும் எடுத்துக்கொண்டு யாமத்தை விட்டுவிடுவது நல்லது.

மழை விட்ட பாதை

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பாதை வழக்கமாக மூடிக் கிடக்கும். தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மலைச்சரிவு இது. அக்டோபரில் திறக்கும்போது மலை கழுவி வைத்ததுபோல் இருக்கும். புல்வெளிகள் இடுப்பளவு பச்சை, ஓடைகளில் தண்ணீர், பள்ளத்தாக்குகளில் காலை மேகம். படம் பிடிக்க இதைவிட நல்ல மாதம் இல்லை. நடப்பதற்கு இதைவிட வழுக்கலான மாதமும் அதிகம் இல்லை.

முதல் ஐந்து கிலோமீட்டர் அடர்ந்த காடு. வெயில் தரையைத் தொடாததால் மழை நின்று பல நாட்கள் ஆனாலும் வேர்களும் கற்களும் காய்வதில்லை. கன்னடத்தில் இம்பளா என்று சொல்லும் அட்டைகள் இலைச் சருகில் காத்திருக்கின்றன. வழியில் பீமன் கல் என்ற பெரும் பாறை. பிறகு காடு சட்டென்று விலகிப் புல்வெளி விரிகிறது. அங்கேதான் பட்டர் மனை: கிரிகத்தேயில் தனித்திருக்கும் ஒரு பிராமணக் குடும்பத்தின் வீடு. பல்லாண்டுகளாக மலையேறிகளுக்குச் சோறும் சாம்பாரும் மோரும் போட்டுப் பெயர் பெற்றது. அதைத் தாண்டினால் வனத்துறைச் சாவடி.

சாவடிக்கு மேலே மரமே இல்லாத ஏற்றம். வெயில் அடித்தால் தலைக்கு மேல் கூரை கிடையாது; நாலு கால்களில் நிற்கும் கல் மண்டபம் ஒன்றுதான் நிழல். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஓடை நீர் கிடைக்கும். அதற்கு மேல் தண்ணீரை நம்ப முடியாது. அங்கிருந்து சேஷ பர்வதம். பெயருக்கேற்பப் படமெடுத்த பாம்புபோல் ஒரு பக்கம் செங்குத்தாக விழும் பாறை. அதன் மேல் நின்றால்தான் குமார பர்வதம் எதிரே தெரியும். அதைத் தொட ஒரு சோலைக்காட்டுக்குள் இறங்கி, ஈரம் கசியும் பாறைச் சரிவில் மறுபடி ஏற வேண்டும்.

அக்டோபரின் இன்னொரு பரிசு பிற்பகல் இடிமழை. ஒரு பருவமழை விலகி மற்றொன்று தொடங்கும் இடைவெளியில், காலை பளிச்சென்று இருந்த வானம் இரண்டு மணிக்குக் கறுக்கும். மரமற்ற புல்முகட்டில் நிற்கும் மனிதன்தான் அப்போது அங்கே உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ண முடியாவிட்டால் இடி பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். முகட்டை விட்டு இறங்கிவிட வேண்டும்.

ஒரு மணிக்கு எங்கே நிற்கிறார்?

1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலையேறிகளுக்கு ஓர் எளிய கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி. அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி. அதன்படி குக்கேயிலிருந்து உச்சிக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் அது திடமான கால்களுக்கு, காய்ந்த தரையில், நிற்காமல் நடப்பதற்கான கணக்கு. இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த உடம்புக்கு, வழுக்கும் வேர்களின் மேல், ஏழெட்டு மணி நேரம் ஆகும். இறங்க ஐந்து மணி.

அக்டோபர் நடுவில் இங்கே சூரியன் ஆறே கால் மணி வாக்கில் உதித்து மாலை ஆறு மணி தாண்டியதும் மறைகிறது. காலை ஆறரைக்குக் கிளம்பியவர் இரண்டு மணிக்கு உச்சியைத் தொட்டால், ஏழு மணிக்குத்தான் அடிவாரம் சேர்வார். இந்தக் கணக்கில் ஒரு குரூரம் ஒளிந்திருக்கிறது. இருட்டு அவரைப் புல்வெளியில் பிடிப்பதில்லை. கடைசி ஐந்து கிலோமீட்டர் காட்டுக்குள், கால் ஓய்ந்து, தண்ணீர் தீர்ந்து, போனில் சார்ஜ் இறங்கிய நேரத்தில் பிடிக்கிறது. யானையும் ராஜநாகமும் வாழும் காடு அது.

2019 செப்டம்பரில் பெங்களூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இந்த மலையில் இறங்கும்போது நண்பர்களைப் பிரிந்து வழி தவறினார். தேடல் நடந்தது, அவர் உயிரோடு வந்து சேர்ந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்ல முடியாது. முன்னால் ஓடுகிறவர் நிற்பதில்லை, பின்னால் வருகிறவர் கூப்பிட வெட்கப்படுகிறார். வழி தவறுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

ஆகவே அனுபவசாலிகள் முதலில் முடிவு செய்வது திரும்பும் நேரத்தை. பகல் ஒரு மணி என்றால் ஒரு மணி. அந்த நேரத்துக்குச் சாதாரண நடை நடக்கிறவர் எங்கே நிற்பார்? அநேகமாகச் சேஷ பர்வதத்தின் மேல், எதிரே உச்சியைப் பார்த்தபடி. அங்கிருந்து திரும்புவதற்குத்தான் மிகுந்த தைரியம் வேண்டும்.

ஒரே நாளில் போய் வர நினைப்பவர்களுக்குக் குடகுப் பக்கம் சோம்வார்பேட்டையை அடுத்த பீதஹள்ளி வழி இருக்கிறது. தூரம் குக்கே வழியில் ஏறத்தாழ பாதி. தொடங்கும் இடமே உயரத்தில். ஆனால் அந்தப் பக்கத்துப் பாறைச் சரிவுகள் ஈரத்தில் கண்ணாடி. 2018 ஆகஸ்டில் குடகில் நிகழ்ந்த நிலச்சரிவுகளை மறக்காதவர்கள், பெருமழைக்கு அடுத்த சில நாட்கள் எந்தச் சரிவிலும் கால் வைப்பதில்லை.

பையும் காலும்

பெங்களூர்க் கடைகளில் இமயத்துக்கான சாமான்களே கிடைக்கின்றன. குமார பர்வதத்துக்கு அவற்றில் பாதி தேவையில்லை. முதல் செலவு ஷூவுக்கு: அடிப்பாகம் ஆழமாக வெட்டப்பட்டு ஈரப்பாறையைப் பற்றுவதாக இருக்க வேண்டும். புது ஷூவை மலையில் திறக்கக் கூடாது. இரண்டு வாரமாவது லால்பாக்கில் நடந்து பழக்க வேண்டும். இறக்கத்தில் விரல்நகம் முட்டிக் கறுத்துப் போகாமலிருக்க நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு, முன்பக்கம் விரலசைக்க இடம் விட்டு வாங்குவது நல்லது.

ஜீன்ஸும் பருத்தி பனியனும் வீட்டில் இருக்கட்டும். நனைந்தால் கனக்கும், காயாது, முகட்டுக் காற்றில் உடம்பை விறைக்க வைக்கும். சீக்கிரம் உலரும் செயற்கை நூல் உடையும், காற்றைத் தடுக்கும் ஒரு ஜாக்கெட்டும் போதும். பைக்கு வெளியே போடும் மழை உறையைவிட உள்ளே விரிக்கும் பெரிய பாலிதீன் பை உத்தமம்; அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வேர்க்கடலை, வெல்லம், சப்பாத்தி. இறக்கத்தில் முழங்காலைக் காப்பாற்ற ஒரு கைத்தடி.

அட்டைக்கு முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி உறை இருக்கிறது. அதற்கு மேல் வேப்பெண்ணெயோ புகையிலைத் தூளோ தடவுவது மலைநாட்டு வழக்கம். கடித்துவிட்டால் உப்பு கொட்டுவதும் தீக்குச்சி வைப்பதும் கூடாது; அது உறிஞ்சியதைக் காயத்துக்குள் கக்கிவிடும். நகத்தால் வாய்ப் பக்கத்தை நெம்பி எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் கசிவு நிற்கச் சற்று நேரமாகும்; பயப்பட வேண்டாம்.

தவறாமல் வேண்டியவை இரண்டு. ஒன்று தலையில் மாட்டும் விளக்கு. போன் வெளிச்சம் கணக்கில் சேராது. மற்றது விசில். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்துவது உலகெங்கும் மலையேறிகளின் அபயக்குரல்.

கூட்டமும் கட்டுப்பாடும்

1987இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட புஷ்பகிரி, 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களில் ஒன்று. ஆனால் 2024 ஜனவரியில் குடியரசு தின விடுமுறையின்போது இங்கே திரண்ட கூட்டம் திருப்பதி வரிசையை ஞாபகப்படுத்தியது. அந்தப் படங்கள் பரவியதும், இணைய முன்பதிவு இல்லாத மலைப்பாதைகளைக் கர்நாடக வனத்துறை தற்காலிகமாக மூடியது. அதே ஆண்டு ‘ஆரண்ய விஹாரா’ என்ற இணையதளம் வழியாகப் பதிவு தொடங்கியது. நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் வந்தது. உச்சியில் கூடாரம் போடத் தடை. பாதை திறந்திருக்கிறதா, எந்தப் பக்கம் ஏறலாம், எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்பதையெல்லாம் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

கட்டுப்பாடு என்றால் முணுமுணுப்பவர்கள் தேனி மாவட்டத்துக் குரங்கணியை நினைத்துப் பார்க்கலாம். 2018 மார்ச்சில் அங்கே காய்ந்த புல்லில் பரவிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது. அதே மாதிரிப் புல்தான் குமார பர்வதத்திலும். அக்டோபரில் பச்சையாக வழுக்குகிறது; மார்ச்சில் வைக்கோலாகக் காத்திருக்கிறது. எந்த மாதத்தில் யார் ஏறலாம் என்று ஒருவர் கணக்கு வைத்திருப்பது மலைக்காக மட்டுமல்ல.

ஞாயிறு இரவு குக்கேயிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் எல்லோரும் ஒரேமாதிரி தூங்குகிறார்கள்: உச்சியைத் தொட்டவர்களும் சேஷ பர்வதத்தோடு திரும்பியவர்களும். பஸ்ஸைப் பிடிக்க இருட்டில் ஓடி இறங்கியவர்களின் முழங்கால்களில் மட்டும் கட்டு. தவறவிட்ட பஸ் டிக்கெட்டை மறுநாள் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். எந்தக் கடையிலும் விற்காத, பையில் எடையே இல்லாத ஒரு சாமான்தான் குமார பர்வதத்துக்கு அவசியம் வேண்டியது: திங்கள்கிழமைக்கு ஒரு நாள் விடுப்பு.