சட்டைப் பையில் ஐடி கார்டு

திருவொற்றியூரில் இருட்டினால் எங்கள் ஆயாக்கள் செயினை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து வரும் அக்காக்கள் ஷேர் ஆட்டோ நம்பரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தம்பிகளுக்குத் திருடன் பயமில்லை, போலீஸ் பயம். காலேஜ் ஐடி கார்டு இல்லாமல் டீக்கடைக்குக்கூடப் போகமாட்டார்கள். ஏரியா பேரைச் சொன்னாலே, "என்ன கேஸ் இருக்கு?" என்றுதான் பேச்சு தொடங்கும். (எங்களை ரவுடியாகக் காட்டியே சினிமா சம்பாதித்தது தனிக்கதை.) 2022 ஜூனில் கொடுங்கையூர் காவல் நிலைய விசாரணையில் ராஜசேகர் இறந்தபிறகு அம்மாக்களுக்கும் இந்தப் பயம் வந்துவிட்டது.

கைது செய்தால் உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே சொல்லிவிட்டது. தம்பிகளிடம் இதை விளக்கினோம். "ராத்திரி பதினோரு மணிக்கு இதை யார்கிட்டண்ணா சொல்றது?" என்றான் ஒருவன். இப்போது ஐடி கார்டின் பின்பக்கம் எங்கள் போன் நம்பர்களை எழுதி வைத்திருக்கிறார்கள்.