விட்டுவைத்த முகடுகள்

ஸ்ரீஜெயந்திக்கு மறுநாள் காலை என் கிளினிக் வாசலில் பெஞ்ச் நிறைந்துவிடும். ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் வீதியில் பலகை மாட்டிய முதல் வருடமே இதைக் கவனித்தேன், இன்றுவரை மாறவில்லை. மற்ற நாட்களில் மணப்பாறை முறுக்கும் கொட்டைப்பாக்கும் செய்கிற வேலையை அந்த ஒரு நாள் உப்புச் சீடை செய்துவிடுகிறது.

அப்படி ஒரு காலையில் எழுபதை நெருங்கும் மாமி ஒருவர் வந்தார். கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்த பல் துண்டை என் உள்ளங்கையில் வைத்தார்.

"பல்லு உடைஞ்சுடுத்து டாக்டர். பிடுங்கிடுவேளா?"

"பிடுங்குறதைப் பத்தி இப்ப ஏன் மாமி? வாயைத் திறங்க, பார்ப்போம்."

கீழ்த்தாடை, வலது பக்கம், முதல் கடைவாய்ப் பல். ஆறு வயதில் முளைக்கும் பல் அது. பால்பல் எதுவும் விழாமலே, இருக்கிற பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நிற்கும். அதனால் பெற்றோர் பலர் அதையும் பால்பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாயில் முதலில் சொத்தையாவதும் பெரும்பாலும் அதுதான். மாமியின் பல்லில் இளமையில் போட்ட வெள்ளி அடைப்பு ஒன்று, கருத்துப்போய், நடுவில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பல்லுக்கு ஐந்து முகடுகள் உண்டு, கன்னப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் இரண்டு. நாக்குப் பக்கத்துப் பின்முகடு மட்டும் அடைப்பின் ஓரமாகப் பிளந்து போயிருந்தது. மற்ற நான்கும் நின்றன.

கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினேன். மாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மொட்டைக் கோபுரம் மாதிரின்னா இருக்கு!" என்றார்.

அவர் அந்தக் கோபுரத்தை மொட்டையாகப் பார்த்து வளர்ந்தவர். பதினாறாம் நூற்றாண்டில் அச்சுதராயர் காலத்தில் தொடங்கி, கருங்கல் அடித்தளத்தோடு நின்றுபோனது ஸ்ரீரங்கம் கோயிலின் தெற்கு ராயகோபுரம். நானூறு ஆண்டுகளுக்கும் மேல் அப்படியே நின்றது. 1979-இல் அகோபில மடத்தின் 44-வது ஜீயர் வேலையைத் தொடங்கினார். அந்தப் பழைய கல்லின் மேலேயே பதின்மூன்று நிலைகள் எழும்பி, 236 அடி உயரத்துக்கு வந்து, 1987 மார்ச்சில் குடமுழுக்குக் கண்டது. அடித்தளத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாமே என்று யாரும் கேட்டதில்லை. நின்ற கல் நின்றது, இல்லாததை மட்டும் மேலே கட்டினார்கள். நான் செய்யும் வைத்தியத்தை விளக்க இத்தனை ஆண்டுகளாக உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன். மாமி ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டார்.

அந்த வைத்தியத்தின் பெயர் ஆன்லே. பல்லின் குழிக்குள் மட்டும் அடங்குகிற வார்ப்பு இன்லே. உடைந்த முகட்டையோ, உடையப் போகிற முகட்டையோ மேலேறி மூடுவது ஆன்லே. பல்லைச் சுற்றிலும் ராவி, தொப்பிபோல முழுதாகக் கவிழ்ப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கேப்.

முகடு ஏன் உடைந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கடைவாய்ப் பல்லின் முன்னும் பின்னும், பக்கத்துப் பல்லைத் தொடும் இடத்தில், இரண்டு மேடுகள் உண்டு. வயல் வரப்பு மாதிரி. முகடுகள் வெளிப்பக்கம் விரியாமல் இழுத்துப் பிடிப்பவை இவைதான். பல்லிடுக்கில் சொத்தை வந்தால், அதை எடுக்க வரப்பை வெட்ட வேண்டியிருக்கும். ரீ, மெசர், டக்ளஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் பிடுங்கிய சிறுகடைவாய்ப் பற்களில் இதை அளந்து 1989-இல் வெளியிட்டார்கள். வேர் சிகிச்சைக்காகப் போடும் துளையால் பல்லின் விறைப்பு 5 சதவீதமே குறைந்தது. மேற்பரப்பில் மட்டும் குழி தோண்டினால் 20. இரண்டு வரப்பையும் வெட்டிக் குழி தோண்டினால் 63. வேர் சிகிச்சை செய்தால் பல் பலமிழந்துவிடும் என்று வெகுகாலம் பயமுறுத்தி வந்தோம். பலம் போவது வரப்பு போவதால்தான். அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு, பல்லில் முதலில் என் கண் தேடுவது வரப்பைத்தான்.

மாமியின் பல்லில் இரண்டு வரப்பும் இல்லை. வெள்ளி அடைப்பு பல்லோடு ஒட்டுவதில்லை, குழியின் அடியில் செய்த அகலத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு கடிக்கும் முகடுகள் மயிரிழை அளவு விரிந்து திரும்புகின்றன. நாற்பது வருடம் அப்படி விரிந்து திரும்பிய சுவர் ஒரு சீடைக்கு உடைந்தது. சீடையின் மேல் குற்றமில்லை.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், சாத்தார வீதியில் பூ வியாபாரம் செய்யும் ஒருவருக்கு இதே போன்ற பல். இரண்டு சுவர்கள் திடமாக இருந்தன. நான் எல்லாவற்றையும் சுற்றி ராவி உலோகக் கேப் போட்டேன். அழகாகப் பொருந்தியது, பெருமையாகவும் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர் வந்து மேசை மேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். உள்ளே அந்தக் கேப், அதற்குள் ஈறு மட்டத்தில் முறிந்த பல். கேப் அன்று போட்டதுபோலப் பளபளத்தது.

"டாக்டரம்மா, நல்லா இருந்த பல்லையுமா ராவினீங்க?"

"ஆமாங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. வேரை எடுத்துவிட்டு அனுப்பினேன். அந்தக் கேப் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

ராவுவது எவ்வளவு என்பதை எடைபோட்டுப் பார்த்தவர்கள் ஏடல்ஹாஃப், சோரென்சன் இருவரும். 2002-இல் வெளிவந்த அவர்கள் கணக்குப்படி, கடைவாய்ப் பல்லில் முழுக் கேப் போட, ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் போய்விடுகிறது. ஆன்லேயில் இழப்பு அதைவிட மிகக் குறைவு. போவதில் எனாமல்தான் முதலில் போகும். எடையில் 96 சதவீதம் கனிமமான எனாமலை உடல் ஒரு முறைதான் செய்துகொடுக்கும். அதைச் செய்த செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. பல்லின் நடுவே உள்ள கூழில் உயிர் இருக்கும் பல்லை ஆழமாக ராவினால் கூழும் நோகும். பின்னாளில் வேர் சிகிச்சைக்கு வந்து நிற்கும் கேப் போட்ட பற்கள் எத்தனையோ.

கேப் சுற்றியிருந்து இறுகப் பிடித்து நிற்கிறது. ஆன்லே எதைப் பிடித்து நிற்கும்? ஒட்டித்தான். அதற்கு வழி திறந்தவர் மைக்கேல் புவோனகோர். உலோகத்தில் பெயின்ட் பிடிக்க ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைப் பார்த்து, அதையே எனாமலில் 30 விநாடி தடவி 1955-இல் எழுதினார். அமிலம் பட்ட எனாமலில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும், பிசின் அவற்றுக்குள் இறங்கி வேர்பிடிக்கும். பெல் நிறுவனத்தில் ஓய்வு பெற்ற ஒருவருக்கு இதை விளக்கியபோது, "நாங்களும் பெயின்ட்டுக்கு முன்னாடி தகட்டை ஆசிட்ல கழுவுவோம், அதேதானே?" என்றார். அதேதான். இதனால்தான் ஓரம் முழுக்க எனாமல் மிஞ்சியிருக்கிற பல்லைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைகிறது.

மாமிக்கு முதல் நாள் வேலை ஒன்றரை மணி நேரம். ரப்பர் விரிப்பு மாட்டி, பழைய அடைப்பைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். அடியில் கொஞ்சம் சொத்தை. பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு, மெல்லிய ஒளிக்கற்றையை ஒவ்வொரு முகட்டின் பக்கவாட்டிலும் வைத்துப் பார்த்தேன். விரிசல் இல்லாத பல்லில் வெளிச்சம் மறுபக்கம்வரை பரவும். விரிசல் இருந்தால் கோடு கிழித்ததுபோல அந்த இடத்தில் நின்றுவிடும். நாக்குப் பக்கத்து முன்முகட்டில் நின்றது. அதன் அடித் தடிமனை அளந்தேன், 2 மில்லிமீட்டர்கூட இல்லை. அதையும் மூடித்தான் ஆக வேண்டும். கன்னப் பக்கத்து மூன்றிலும் வெளிச்சம் தடையில்லாமல் போனது, தடிமனும் தாராளம். அந்த மூன்றையும் தொடவில்லை.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்தத் தொழிலின் முழுக் கவனமும் இருக்கிறது. சுழலும் வைரமுனைக்கு நல்ல பல், கெட்ட பல் தெரியாது. கையில் கொஞ்சம் அவசரம் இருந்தால் ஒரு முகடு இரண்டு விநாடியில் காணாமல் போய்விடும். மூடப்போகும் முகட்டில் பீங்கானுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் இடம் வேண்டும். அதற்குக் குறைந்தால் பீங்கான் உடையும், அதற்கு மேல் எடுத்தால் பல்லுக்கு நஷ்டம். உள்மூலைகளை உருட்டிவிட வேண்டும், கூர்மையான மூலையிலிருந்துதான் பீங்கானில் வெடிப்பு கிளம்பும். கடைசியாக, எனாமலுக்கு அடுத்த உள்ளடுக்கான டென்டின் திறந்திருக்கும் இடத்தை அப்போதே பிசின் பூசி மூடிவிடுவேன். புதிதாக வெட்டிய டென்டினில்தான் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று பல் மருத்துவர் பாஸ்கல் மாக்னே வற்புறுத்திச் சொல்லி வருகிறார். என் அனுபவமும் அதுதான். இடையில் காத்திருக்கும் நாட்களில் கூச்சமும் குறைகிறது.

அளவு தில்லைநகரில் இருக்கும் லேபுக்குப் போயிற்று. அங்கே என்னோடு பல ஆண்டுகளாக வேலை செய்யும் டெக்னீஷியன் ஒருவர் இருக்கிறார். என் வேலையில் பாதி அவர் விரலில் இருக்கிறது என்பேன். கேமரா வைத்து அளவெடுத்து இயந்திரத்தில் கடைந்தெடுப்பதும் இப்போது திருச்சிக்கு வந்துவிட்டது. சூரிச்சில் மோர்மன், பிராண்டெஸ்டினி இருவரும் 1985-இல் முதல் நோயாளிக்குச் செய்துகாட்டிய வித்தை அது. நானும் பயன்படுத்துகிறேன், நன்றாகவே வருகிறது. ஆனால் மாமிக்கு மெழுகில்தான் செய்யச் சொன்னேன். தேய்ந்த வாயில் எந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை டெக்னீஷியன் எதிர்ப்பக்கப் பல்லின் படத்தைப் பார்த்துக்கொண்டே சொட்டுச் சொட்டாக ஏற்றுவார். பிறகு அந்த மெழுகுப் பல்லைச் சுற்றி அச்சு மாவு ஊற்றி, 850 டிகிரி உலையில் வைத்தால் மெழுகு சாம்பலும் மிஞ்சாமல் எரிந்து போகும். அந்த வெற்றிடத்தில், 900 டிகிரிக்கு மேல் இளகிய லித்தியம் டைசிலிக்கேட் என்ற கண்ணாடிப் பீங்கானை அழுத்தி இறக்குகிறார்.

வில்லியம் டாகர்ட் இந்த முறையில் தங்க இன்லே வார்த்துக் காட்டியது 1907-இல். அதிலிருந்துதான் நவீனப் பல் வார்ப்பு தொடங்குகிறது என்று கல்லூரியில் படித்தேன். பிறகு ஒரு முறை சுவாமிமலையில் ஸ்தபதி ஒருவரின் பட்டறையில் நின்றபோது உடம்பு சிலிர்த்தது. தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்து உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டலை மைபோல அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். விரல் ரேகை மெழுகில் இருந்தால் அது வண்டலில் பதியும், உலோகத்திலும் வரும். மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுகிறார்கள், ஆறியபின் அச்சை உடைக்கிறார்கள். ஒரு அச்சுக்கு ஒரே உருவம். சோழர் காலத்திலிருந்து இந்த ஆற்றங்கரையில் நடக்கிற வேலை. தில்லைநகர் லேபில் சுத்தியால் தட்டி அச்சை உடைக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுவாமிமலை நினைவு வரும். அதிலும் ஒரு அச்சுக்கு ஒரே பல்தான், வேறு எவர் வாயிலும் பொருந்தாது.

இரண்டாவது முறை வந்தபோது மாமியின் மகன் கேட்டார்: "கேப்பைவிடச் சின்னதா இருக்கு, பணம் மட்டும் ஏன் டாக்டர் ஜாஸ்தி?" நியாயமான கேள்வி. உட்கார்ந்து பாருங்கள் என்றேன். பீங்கானின் உட்புறத்தில் வாய்க்கு வெளியே 20 விநாடி ஹைட்ரோபுளோரிக் அமிலம். கையில் பட்டால் எலும்புவரை போகக்கூடியது, கையுறை இல்லாமல் தொடமாட்டேன். கழுவி, உலர்த்தி, சிலேன் பூச்சு. பல்லின் மேல் 37 சதவீத பாஸ்பாரிக் அமிலம், கழுவல், பிசின். ஒரு துளி எச்சில் பட்டால் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும். சூடேற்றி இளக்கிய கலவையை வைத்து ஆன்லேயை மெல்ல அழுத்தினேன். நான்கு பக்கமும் கலவை பிதுங்கி வந்தால்தான் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம். பிதுங்கியதைத் துடைத்து, இடுக்கில் நூல் விட்டு இழுத்து, பிறகு எல்லாப் பக்கமிருந்தும் நீல ஒளி காட்டினேன். மகன் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எல்லாப் பல்லுக்கும் இது ஆகாது. உடைப்பு ஈறுக்குக் கீழே ஆழமாகப் போய், ரத்தமும் ஈரமும் நிற்காத இடத்தில் ஒட்டு வைப்பது மணலில் நடுவதுபோல. அங்கே கேப்தான் சரி, சில சமயம் பிடுங்குவதே சரி. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவருக்கும் வருடக்கணக்காகச் சீவல் மெல்பவருக்கும் பீங்கான் வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. தங்கத்துக்கு ஒப்புக்கொண்டால் கண்ணை மூடிக்கொண்டு தங்கம் வைப்பேன். எதிர்ப்பல்லைத் தேய்க்காமல், ஓரத்தில் படிந்து, பல தலைமுறை மருத்துவர்கள் கண்டு தேர்ந்த உலோகம் அது. கடைவாயில் மஞ்சளாகத் தெரியுமே என்று எல்லோரும் மறுக்கிறார்கள். சிரித்தால் தெரியாத இடம் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து, பரிசோதனைக்கு மாமி வந்தார். எக்ஸ்ரேயில் ஓரத்துக்குக் கீழே நிழல் இல்லை. பல்லை உலர்த்திவிட்டு, ஆய்வு ஊசியின் முனையைக் கன்னப் பக்கத்து எனாமலில் வைத்து மெதுவாக மேலே இழுத்தேன். அவருடைய பல்லிலிருந்து பீங்கானுக்கு, பீங்கானிலிருந்து மறுபடி பல்லுக்கு. திரும்ப ஒரு முறை, நாக்குப் பக்கம். முனை எங்கேயும் தடுக்கவில்லை.