முத்தியால்பேட்டையில் ஒன்றும் நடக்கவில்லை!

"பாண்டிக்குப் போறேன், ரெண்டு நாள் லீவு வேணும்" என்றதும் ஆபீஸே ஒரு மாதிரியாகச் சிரித்தது. "சார், அங்கே எங்க அக்கா வீடு இருக்கு" என்று சத்தியம் செய்தும் ஒருத்தரும் நம்பவில்லை.

நிஜமாகவே இருக்கிறது. முத்தியால்பேட்டையில். பீச்சுக்கும் ஒயிட் டவுனுக்கும் வருகிற கூட்டம் இங்கே இறங்காது. ஆரோவில் போகிற வாடகை ஸ்கூட்டர்கள் மணிக்கூண்டைத் தாண்டி விர்ரென்று வடக்கே பறந்துவிடும். இத்தனைக்கும், 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்த பாரதியார் வந்து உட்கார்ந்த தோப்பு இந்தப் பேட்டையில்தான். சும்மா உட்கார்ந்து குயில் சத்தம் கேட்டதில் 'குயில் பாட்டு' கிடைத்தது. நான் சும்மா உட்கார்ந்தால் மெமோதான் கிடைக்கிறது!

அக்கா மகள் பிளஸ் டூ பரீட்சை முடித்த ஜோரில் லேப்டாப்பில் ஜப்பான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் 'கே-ஆன்'. பள்ளிக்கூடத்தில் லைட் மியூசிக் கிளப் நடத்துகிற பெண்கள். வாத்தியத்தைத் தொடுகிற நேரத்தைவிட டீ குடித்து கேக் சாப்பிடுகிற நேரம்தான் அதிகம். இருபது நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன்.

"எப்பம்மா கதை ஆரம்பிக்கும்?"

"ஒண்ணும் நடக்காது மாமா. அதான் கதை."

"ஹீரோ?"

முறைத்தாள். நியாயம்தான். நம் சினிமாவில் யூனிஃபார்ம் போட்ட பெண் வந்தால், ஐந்தாவது நிமிஷம் பின்னாலேயே ஒருத்தன் வந்துவிடுவான். இங்கே அவன் வரவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், இது 2007-ல் தொடராக ஆரம்பித்த 'மாங்கா டைம் கிராரா' இளைஞர்களுக்கான பத்திரிகை! 2009-ல் டி.வி.க்காக இயக்கியவர் நவோகோ யமாடா என்ற பெண்.

பத்திரிகையில் வந்தது நாலு கட்டச் சித்திரமாக, மேலிருந்து கீழே. ஆரம்பம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. அக்கா வீட்டிலேயே ஒன்று பார்த்தேன். கட்டம் ஒன்று: போனில் தோழி, "கிளம்பிட்டியாடி?" இரண்டு: "மணிக்கூண்டுகிட்ட வந்துட்டேண்டி!" மூன்று: இவள் கூடத்தில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தேய்க்கிறாள். நாலு: வாசலில் தோழி. "மணிக்கூண்டு எப்படி உங்க வீட்டுக்குள்ள வந்துச்சு?"

இந்த ரகத்தில் கியோஹிகோ அசூமாவின் 'அசுமாங்கா டையோ' என்று ஒன்று. 1999-ல் ஆரம்பித்தது. கதையில் பெண்கள் மூன்று வருஷம் படித்தார்கள். அவரும் மூன்று வருஷம் வரைந்தார். 2002-ல் அவர்கள் பள்ளியை முடித்ததும் கதையையும் முடித்துவிட்டார். 1972-ல் முத்து காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவிக்கு இன்றுவரை ஒரு நரை விழுந்ததில்லை. இவர்களுக்கோ பரீட்சை வந்துவிடுகிறது.

'கே-ஆன்' பள்ளிக்கு மாடலாக நிஜக் கட்டடமே இருக்கிறதாம். ஷிகா மாகாணம், டொயொசாட்டோ ஊர், 1937-ல் கட்டியது. மாடிப்படிக் கைப்பிடியில் வெண்கலத்தில் நம்ம ஆமை, முயல்! இடிக்கப் பார்த்தபோது ஊர்க்காரர்கள் கோர்ட் வரை போய்க் காப்பாற்றினார்கள். பிறகு கார்ட்டூன் வந்து ரசிகர்கள் குவிந்தார்கள்.

"உங்களுக்கு இப்படி கிளப் ஏதாச்சும் இருந்துச்சா?" என்று கேட்டேன். எங்கள் கோஷ்டிக்கு டீக்கடை பெஞ்ச் இருந்தது. அதில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"டியூஷன் விட்டு வர்ற வழிதான் மாமா எங்க கிளப். பத்து நிமிஷ வழியை முக்கால் மணி நேரம் நடப்போம்." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப டியூஷனும் முடிஞ்சிடுச்சு" என்றாள். ஒருத்திக்குக் கோயம்புத்தூராம். இன்னொருத்திக்கு சென்னை. இவளுக்கு இன்னும் முடிவாகவில்லை.

சாயங்காலம் அக்கா கொத்தமல்லி கேட்டாள். கடை நாலு வீடு தள்ளி. "நான் போறேம்மா!" என்று போனோடு ஓடினாள். சோலை நகர்ப் பக்கமிருந்து ஒருத்தி சைக்கிளில் வந்தாள். இன்னொருத்தி நடந்தே வந்தாள். மூன்று பேரும் கடையைத் தாண்டிப் போவதை மாடியிலிருந்து பார்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தாள். வெறுங்கையோடு.

"இவ்வளவு நேரம் என்னடி பண்ணீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா."

கொத்தமல்லி வாங்க நான் செருப்பை மாட்டினேன்.