அம்மாவுக்கு ஓர் அறை

மெல்பேணுக்கு ஊரிலிருந்து யாராவது வந்தால், அவர்களைப் பிற்ஸ்றோய் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள கப்டன் குக்கின் சிறு வீட்டைக் காட்டிப் படமும் எடுத்து அனுப்புவது நம்மவரிடையே நெடுநாளைய வழக்கம். கொட்டேஜ் என்று இந்நாட்டவர் அன்போடு அழைக்கும் வகை வீடு அது. இங்கிலாந்தில் யோக்ஷயர் பகுதியிலுள்ள கிரேட் ஏற்றன் என்னும் சிற்றூரில் 1755ஆம் ஆண்டு கட்டப்பட்டது. 1933இல் ரசல் கிரிம்வேட் என்ற மெல்பேண் செல்வந்தர் அதை 800 பவுணுக்கு வாங்கினார். கல் கல்லாகக் கழற்றி, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்துக் கப்பலேற்றினார்கள். சுவரில் படர்ந்திருந்த ஐவிக் கொடியிலும் துண்டு வெட்டிக்கொண்டு வந்தார்கள். 1934இல், விக்ரோறியாவில் வெள்ளையர் குடியேறி நூறாண்டு நிறைந்த விழாவை ஒட்டி, வீடு பூங்காவில் மீண்டும் எழுந்து நின்றது.

பெயர்தான் கப்டன் குக்கின் வீடு. உண்மையில் அது அவருடைய தாய் தந்தையரின் வீடு. அது கட்டப்பட்ட ஆண்டிலேயே மகன் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்துவிட்டார். தந்தையாரும் கடைசிக் காலத்தில் அங்கே இருக்கவில்லை. றெட்கார் என்ற கடற்கரை ஊரில் மகளிடம் போய்ச் சேர்ந்து, 1779இல் காலமானார். பார்க்க வருவோர் இவற்றையெல்லாம் நினைவில் வைப்பதில்லை. கையகல யன்னலும், தடித்த கல்சுவரும், அக்காலத்து மரக்கட்டிலுமே மனத்தில் தங்கிவிடுகின்றன.

அப்படி மனத்தைப் பறிகொடுத்தவர்களில் ஒருவர், நகரின் மேற்குப் புறத்தில் பழைய மரப்பலகை வீடொன்றில் கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் வசிக்கும் ஒரு பெண்மணி. யாழ்ப்பாணத்தில் தனித்துப்போன தாயாருக்கு விசா கிடைத்து, யூன் மாதம் வருவதென்று முடிவானதும், பின்பக்கத்து அறையை அவருக்கென ஒழுங்குசெய்யத் தொடங்கினார். வெள்ளைச் சுவர், இரும்புக் கட்டில், சிறுபூப் போட்ட திரைச்சீலை, ஒட்டுத்துணிப் போர்வை, ஏழு தலையணை, தரையில் சின்னஞ்சிறு கம்பளங்கள். எல்லாம் கொட்டேஜ் முறையில்.

இந்தப் பாணியைப் பற்றி ஒரு வார்த்தை. இது ஏழைகளின் அறையிலிருந்து பிறந்தது. பழந்துணியை வெட்டி ஒட்டியது சிக்கனத்தால்; யன்னலைச் சிறிதாக வைத்தது குளிருக்குப் பயந்து. பின்னர் வசதி படைத்தோர் அதை விலை கொடுத்து வாங்கத் தலைப்பட்டனர். 1953இல் லண்டனில் தம் கணவரோடு சேர்ந்து துணி அச்சிடத் தொடங்கிய லோறா ஆஷ்லி அம்மையாரின் பூத்துணிகள் 1970களிலும் 80களிலும் உலகமெங்கும் பரவின. நம்மவர் வீடுகளில் இன்றும் காணும் பூத்திரைகள் பல அந்த வழி வந்தவையே. காசு கொடுத்துப் பழசு வாங்குவதா என்று ஊரில் சிரிப்பார்கள். இருந்தாலும் அழகு அழகுதான்.

முதல் சோதனை சுவரில் வந்தது. வீடு 1930களில் கட்டியது. பழைய வர்ணம் செதிள் செதிளாகக் கழன்றிருந்ததால், கணவர் ஒரு சனிக்கிழமை முழுவதும் உப்புத்தாள் கொண்டு உரசினார். வெண்தூள் நடைவழிவரை பறந்தது. இரண்டு வயது மகன் அந்தத் தூளில் விரலால் கோடு கீறி விளையாடினான். மறுநாள் புது வர்ணம் வாங்கப் போன இடத்தில், கடையில் நின்ற முதியவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: வீடு எந்த ஆண்டு கட்டியது? பதிலைக் கேட்டதும் அவர் வர்ணத்தை எடுத்துத் தரவில்லை. ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு பொட்டலத்தை எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து சுவரில் தேய்த்தபோது நிறம் மாறியது.

1950க்கு முன் இந்நாட்டு வீடுகளுக்குப் பூசிய வர்ணங்கள் சிலவற்றில் பாதிக்குப் பாதி ஈயம் இருந்தது. 1970க்கு முன் கட்டிய எந்த வீட்டையும் சந்தேகித்தே ஆகவேண்டும். இதில் ஒரு வேதனை என்னவென்றால், இந்த ஆபத்தை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்ன நாடுகளில் அவுஸ்திரேலியாவும் ஒன்று. பிறிஸ்பேணில் கண் வைத்தியராக இருந்த லொக்ஹார்ட் கிப்சன், பிள்ளைகளுக்கு வந்த விளங்காத நோய்க்கு விறாந்தைக் கம்பிகளிலும் அறைச் சுவர்களிலும் பூசிய வர்ணமே காரணம் என்று 1904இலேயே எழுதினார். குவீன்ஸ்லாந்து 1922இல் சட்டமும் செய்தது. ஆனால் பழைய சுவர்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றை உரசாமல் விட்டால் பெரும்பாலும் தொல்லையில்லை. காய்ந்த சுவரை உரசித் தூளாக்கினால்தான் நஞ்சு விழித்துக்கொள்கிறது. வளரும் மூளைக்கு அது செய்யும் தீங்கு பின்னர் திருப்பி எடுக்க முடியாதது.

சிறுவனுக்கு இரத்தம் எடுத்தார்கள். முடிவு வர நான்கு நாள். அந்த நான்கு நாளும் தாய் சரியாக உண்ணவில்லை. தகப்பன் அறைப்பக்கமே போகவில்லை. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்கிரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தால் காரணத்தைத் தேடவேண்டும் என்பது தேசிய சுகாதார மருத்துவ ஆய்வுச் சபை 2015இல் வெளியிட்ட அறிவுரை. பிள்ளைக்கு 3 இருந்தது. பிறகு முறை அறிந்த வேலையாள் வந்து, குழந்தைகளை வேறு வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, சுவரை ஈரமாக்கியே சுரண்டி, தூளை ஈரத்துணியால் துடைத்து, புதிதாகப் பூசிக் கொடுத்தார்.

அம்மா வந்தார். அறையை வாசலில் நின்று பார்த்தார். "வடிவாய்த்தான் இருக்கு பிள்ளை. படம் பிடிச்சு உன்ர அக்காவுக்கு அனுப்பு" என்றார். மகளுக்கு உச்சி குளிர்ந்தது. மூன்றாம் நாள் காலை அம்மா சமையலறை யன்னலடியில் போர்வையோடு குந்தியிருந்தார். கேட்டதற்கு, "அறை வடிவுதான். எனக்குக் குளிருது" என்றார். சற்றுப் பொறுத்து, "இஞ்ச வெய்யில் வடக்குப் பக்கமாவெல்லோ நிக்குது" என்றும் சொன்னார்.

பல ஆண்டு இங்கே வாழ்ந்த மகளும் மருமகனும் அதுவரை அதை எண்ணிப் பார்த்ததில்லை. இந்தப் பாதிக் கோளத்தில் மாரிக் காலத்துச் சூரியன் வடக்கே தாழ்ந்து போகிறது. தெற்குப் பார்த்த பின்னறைக்கு மே முதல் ஓகஸ்ட்வரை ஒரு கதிர்கூட விழுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வீடுகளுக்கென வெளியிட்ட வழிகாட்டலில், குளிர்காலத்தில் அறையின் வெப்பம் 18 பாகைக்குக் குறையலாகாது என்று சொல்கிறது. முதியோருக்கு அதைவிடச் சற்றுக் கூடவே வேண்டும். பழைய பலகை வீட்டின் பின்னறையில் விடியற்காலையில் அதில் பாதிதான் இருந்தது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறுகிறது. அம்மாவுக்கு ஏற்கெனவே அழுத்தம். பழைய காஸ் அடுப்புப் போன்ற ஹீற்றரை அறையில் வைத்து மூடிப் படுப்பதும் தீர்வல்ல. மணமில்லாத காபன் மொனொக்சைட் என்னும் வாயு தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

கணவர்தான் சொன்னார்: "எங்கட அறையை மாமிக்குக் குடுப்பம்." வடக்குப் பார்த்த முன்னறை அது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு மாதம் பார்த்துப் பார்த்துச் செய்த அறை! அன்றிரவு அவர் யாரோடும் பேசவில்லை. மறுநாள் காலை தானாகவே கட்டிலைக் கழற்றத் தொடங்கினார்.

முன்னறையில் யன்னலடியில் கட்டிலைப் போட்டால் பார்வைக்கு அழகு. ஆனால் தலை வடக்கே வரும். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். வடக்கே தலைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வைத்திய நூல்களில் விடை கிடையாது. ஆனால் கண்ணாடி யன்னலிலிருந்து இரவில் குளிர்காற்று கீழ்நோக்கி இறங்கும் என்பது நிச்சயம். கட்டில் கிழக்குத் தலைமாடாகத் திரும்பியது. அம்மாவுக்கும் திருப்தி, அவருடைய கழுத்துக்கும் நன்மை.

பிறகு ஒவ்வொன்றாகக் கழிந்தன. கட்டில் உயரமாதலால் இருந்தால் கால் நிலத்தில் முட்டவில்லை. கால்களை அறுத்துப் பதித்தார்கள். சிறு கம்பளங்கள் சறுக்கின. வயது முதிர்ந்தோருக்கு இரவில் மலசலகூடம் போகும் வழியில் விழுவதைப்போல் கேடு வேறில்லை. இடுப்பெலும்பு முறிந்தபின் பழைய நடைக்குத் திரும்பாதவர் பலர். லோறா ஆஷ்லி அம்மையாரே 1985இல் தம் மகளின் வீட்டு மாடிப்படியில் விழுந்துதான் சில நாளில் இறந்தார். அப்போது வயது அறுபதுதான். கம்பளங்கள் போயின. கட்டிலடியிலிருந்து வாசல்வரை வெறும் பலகைத் தரை, சுவரோரம் ஒரு சிறு இரவு விளக்கு.

ஏழு தலையணைக்கும் எட்டு வயதுப் பேத்தியால் முடிவு வந்தது. அம்மம்மாவோடு படுக்கத் தொடங்கிய பிறகு அவளுக்குத் தொய்வு கூடியது. படுக்கைத் துணியில் வாழும், ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்குகூட வராத தூசி உண்ணிகளின் எச்சமே பலருக்குத் தொய்வைத் தூண்டுகிறது. 1964இல் ஒல்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் அதைக் காட்டினார்கள். 55 பாகைக்கு மேற்பட்ட வெந்நீரில் வாராவாரம் துவைத்தால் அவை சாகும். ஒட்டுத்துணிப் போர்வையை அப்படித் துவைத்தால் போர்வையே செத்துவிடும். அம்மா தம் பெட்டியிலிருந்து பழைய நூற்சீலைகள் இரண்டை எடுத்து, இரட்டையாக மடித்து ஓரம் தைத்தார். அவை எத்தனை கொதிநீரையும் தாங்கும்.

மிஞ்சியது நல்லூர் முருகன் படமும் எண்ணெய் விளக்கும். பூத்திரைக்கு ஒரு சாண் தூரத்தில் அம்மா அதை ஏற்றியதும் புகை எச்சரிக்கும் கருவி வீட்டையே எழுப்பியது. படம் அறையிலேயே இருக்க, விளக்கு மட்டும் சமையலறை மேடைக்கு இடம் மாறியது. "முருகன் நடந்து வந்து பாப்பார்" என்றார் அம்மா.

ஒட்டுத்துணிப் போர்வை இப்போது மகளும் மருமகனும் படுக்கும் பின்னறைக் கட்டிலில் கிடக்கிறது. வருகிறவர்கள் அந்த அறையைத்தான் எட்டிப் பார்த்து மெச்சுகிறார்கள். முன்னறையில் காலை ஒன்பது மணிக்கு வெயில் நூற்சீலைமேல் ஏறுகிறது. அம்மா கட்டில் விளிம்பில் இருந்து, இரு காலும் தரையில் ஊன்றியபடி, பேத்திக்குத் தலைபின்னி விடுகிறார்.