கண்முன் நின்றும் காணாமை

திருமயிலையிலே என்புவடிவாயிருந்த பூம்பாவையை நோக்கி, ஈண்டு நிகழும் விழாக்களையெல்லாம் காணாது போவது தகுமோ என்னும் கருத்தமையத் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் பதிகம் அருளிச்செய்தார். இக்காலத்து விழாவின் எதிரே நின்றும் காணாதார் பலர். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் எழுந்தருளுங்கால், குவிந்த கைகளினிடையே கைப்பேசி ஏந்திய கைகளும் நிரம்பத் தோன்றுகின்றன. எடுத்த படத்தை இணையத்தில் விடுத்தவுடன், மறுமொழி வந்ததோ என்று மனம் அங்கே ஓடிவிடுகின்றது.

கண் திறந்திருப்பினும், மனம் சென்று பற்றினாலன்றி உயிர் ஒன்றனை அறியமாட்டாதென்பது சித்தாந்த நூற்றுணிபு. அமெரிக்க உளநூலறிஞர் லிண்டா ஹெங்கல் என்பார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதற்கு அரண்செய்யும். அருங்காட்சியகத்திலே படம்பிடித்த பொருள்களை, கண்ணால் மட்டும் நோக்கிய பொருள்களைப்போல் மாணவர் நினைவுகூர்ந்திலர். ஆயின், பொருளின் ஓர் உறுப்பை மட்டும் அணுக்கமாகப் படம்பிடித்தவழி நினைவு அங்ஙனம் குறையவில்லை. ஆண்டு மனம் ஊன்றிநின்றமையே காரணம் போலும். ஆகவே கருவியையே முற்றும் பழித்தல் பொருந்தாது. கருவி காத்துவைக்குமென்று கருதிக் கருத்து வாளா ஒழிதலே கேடு.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுத் திருக்கோயில்களுள் கைப்பேசியைத் தடுக்குமாறு ஆணையிட்டது. மாடவீதியோ கோயிலுக்குப் புறம்பானது. ஆண்டு தந்தையின் தோளிலிருக்கும் குழந்தை, சற்றுமுன் சென்ற நாயனார் யாரென்று வினவுமாயின், அவர் கைப்பேசியைத் தடவிப் பார்த்தே விடைகூற வேண்டியவராகின்றார்.