நீக்கு என்றால் நீங்கிவிடுமா?

மென்பொருளை நிறுவுவதைவிட அகற்றுவதற்கே கூடிய கவனம் வேண்டும் என்பது என் எண்ணம். டெபியன் வகை லினக்ஸ் கணனிகளில் 'அப்ட் இன்ஸ்ரோல்' என்று கட்டளையிட்டுப் பொதியின் பெயரைக் கொடுத்தால் போதும். அதற்குத் துணையான பொதிகளும் தாமே வந்து சேரும். 1999 இல் டெபியன் 2.1 உடன் அறிமுகமான ஏற்பாடு இது.

அகற்றும்போது 'ரிமூவ்' என்றால் மென்பொருள் போய்விடும். அதன் அமைவுக் கோப்புகள் தங்கிவிடும். 'பேர்ஜ்' என்றால் அவையும் போகும். ஆயினும் நமது வீட்டுக் கோப்புறையில் உள்ளவற்றை இரண்டுமே தொடுவதில்லை. துணைக்கு வந்து இப்போது வேலையற்றிருக்கும் பொதிகளை அனுப்புவதற்கு 'ஓட்டோரிமூவ்' இருக்கிறது.

2021 இல் கனடாவின் யூரியூப் பிரபலம் லைனஸ் செபாஸ்ரியன், பொப் ஓஎஸ் கணனியில் ஸ்ரீம் என்ற விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்றார். பொதியில் இருந்த ஒரு வழுவினால், திரைச்சூழலையே நீக்க நேரிடும் என்று அப்ட் எச்சரித்தது. 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்ற ஆங்கில வாசகத்தை முழுமையாக எழுதினால்தான் தொடருவேன் என்றது. அவர் எழுதினார். மிஞ்சியது வெறும் எழுத்துத் திரை.

அச்சுக்குப் போகும் பக்கத்தை வாசிக்காமல் ஒப்பமிடக்கூடாது என்பது எங்கள் பத்திரிகைத் தொழிலின் பாலபாடம். இங்கும் அதுவே. கட்டளையோடு 'சிமியுலேற்' என்ற தெரிவைச் சேர்த்தால், எதையும் மாற்றாமல் ஓர் ஒத்திகை காட்டும். நீக்கப்படவுள்ளவற்றின் பட்டியலை முழுதாக வாசியுங்கள். சம்மதம் அதன் பிறகு போதும்.